சென்ட் அடித்த பழந்துணி

போன மார்கழியில் எங்கள் பக்கத்து வாரச் சந்தையில் அக்கா மகளுக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கினேன். பழசுதான். தார்ப்பாய் விரித்து, துணியைக் குவியலாகக் கொட்டி, எது எடுத்தாலும் ஐம்பது என்று கூவி விற்கிற கடை. கடைக்காரர் மூட்டையைப் பிரித்ததும் செய்த முதல் காரியம், செடிக்குத் தண்ணீர் பீய்ச்சுகிற பாட்டிலில் சென்ட்டை ஊற்றி வைத்திருந்து குவியல் முழுக்க அடித்ததுதான். மல்லிகை என்றும் சொல்ல முடியாது, ரோஜா என்றும் சொல்ல முடியாது. சாவு வண்டிக்குப் பின்னால் நடக்கும்போது மூக்கில் ஏறுகிற வாசனை.

"ஏண்ணே இவ்ளோ அடிக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"அடிக்கலன்னா மோந்து பாத்துட்டு போட்டுட்டுப் போயிடுவாங்கம்மா. இன்னொருத்தன் ஒடம்பு வாடை யாருக்குப் புடிக்கும்?" என்றார்.

வீட்டுக்கு வந்து மூன்று தடவை துவைத்தேன். சாயம்கூட லேசாக வெளுத்தது, சென்ட் போகவில்லை. பிள்ளைக்கு ஏற்கெனவே இளைப்பு உண்டு. அதைப் போட்டுக்கொண்டு படுத்த ராத்திரி விடிய விடிய இருமினாள். காரணம் ஸ்வெட்டர்தான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அதைக் கழற்றி வெளியே போட்ட பிறகுதான் அவளும் தூங்கினாள், நாங்களும் தூங்கினோம்.

அந்தக் கடைக்காரர் கேட்ட கேள்வியை விட்டு என்னால் நகர முடியவில்லை. இன்னொருத்தன் உடம்பு வாடை யாருக்குப் பிடிக்கும்? இந்த நாட்டில் அந்தக் கேள்விக்கு இரண்டாயிரம் வருசமாக ஒரு பதில் எழுதி வைத்திருக்கிறார்கள். அதை மோந்து பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

1

பழந்துணி நமக்குப் புதிதல்ல. மனுவின் பத்தாம் அத்தியாயத்தைப் புரட்டிப் பாருங்கள். சண்டாளர் ஊருக்கு வெளியே இருக்க வேண்டும், உடைந்த ஓட்டில் சாப்பிட வேண்டும், பிணத்தின் துணியை உடுத்த வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறது. சூத்திரனுக்கு எச்சில் சோறும் பழந்துணியும் கொடு என்றும் அதே அத்தியாயம் சொல்கிறது. 1927 டிசம்பர் 25 அன்று மகாத்தில் அம்பேத்கர் முன்னிலையில் எரிக்கப்பட்டது இந்த நூல்தான். அதே வருசம் மார்ச்சில் அங்கே சவ்தார் குளத்தில் நம் மக்கள் தண்ணீர் அள்ளிக் குடித்தபோது என்ன நடந்தது? குளம் தீட்டாகிவிட்டது என்று பால், தயிரோடு மாட்டுச் சாணியையும் மாட்டு மூத்திரத்தையும் கலந்து 108 பானையில் ஊற்றிப் புனிதப்படுத்தினார்கள்.

தோழர்கள் இதைக் கொஞ்சம் நிதானித்துப் பார்க்க வேண்டும். மனிதன் கை பட்ட தண்ணீர் நாறுகிறது, மாட்டு மூத்திரம் ஊற்றிய தண்ணீர் மணக்கிறது. அப்படியானால் வாடையைத் தீர்மானிப்பது மூக்கு அல்ல. மூக்குக்குப் பின்னால் சாதி உட்கார்ந்துகொண்டு, எது மணம் எது நாற்றம் என்று தீர்ப்பு எழுதிக் கொடுக்கிறது. மூக்கு அதைப் படிக்கிறது, அவ்வளவுதான்.

இன்றைக்குப் பழந்துணி தானமாக மட்டும் வருவதில்லை, பண்டமாகவும் வருகிறது. குளிர் நாடுகளில் கழித்துப் போட்டவை கப்பலேறி குஜராத்தின் காண்ட்லாவுக்கு வருகின்றன. அங்கே பெண் தொழிலாளிகள் மலை மலையாகக் கிடப்பதைத் தரம் பிரிக்கிறார்கள். கம்பளித் துணிகள் பானிபட்டுக்குப் போய்க் கிழிபட்டு நூலாகி மறுபடி போர்வையாகின்றன. இங்கே உள்ளூரிலோ பழைய புடவைக்கு எவர்சில்வர் பாத்திரம் மாற்றுகிறவர்கள் வீதி வீதியாக நடக்கிறார்கள். வேண்டாததை வீணாக்காமல் உபயோகிப்பது நல்ல காரியம். அதில் எனக்குச் சண்டை இல்லை. உடுத்தியவனின் உடம்பு அந்தத் துணியில் இருந்த தடயத்தை அழிப்பதற்கு ஒரு புட்டி ரசாயனத்தைக் கொட்டி, அதற்குச் 'சுத்தம்' என்று பெயர் வைப்பதில்தான் சண்டை.

2

அந்தப் புட்டிக்குள் என்ன இருக்கிறது? அட்டையைத் திருப்பிப் பார்த்தால் 'பர்ஃப்யூம்' அல்லது 'ஃப்ராக்ரன்ஸ்' என்று ஒரே சொல். அந்த ஒரு சொல்லுக்குள் பத்து சாமானும் இருக்கலாம், நூறு சாமானும் இருக்கலாம். தொழில் ரகசியம் என்பார்கள். குழம்பில் என்ன போட்டாய் என்று நம் அம்மாக்களைக் குடைந்து குடைந்து கேட்கிற நாடு, கம்பெனியிடம் மட்டும் கேட்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2003-ல் சட்டம் திருத்தி, ஒவ்வாமை தரக்கூடிய 26 வாசனைப் பொருட்களை அழகுச் சாதனங்களின் அட்டையில் பெயர் சொல்லிப் போடு என்றது. 2023-ல் அந்தப் பட்டியலை எண்பது வரைக்கும் நீட்டியது. சந்தையில் பீய்ச்சுகிற பாட்டிலுக்கு அட்டையே கிடையாது.

செயற்கை வாசனையின் சரித்திரம் நீளமானதல்ல. 1868-ல் பெர்கின் என்கிற ஆங்கிலேயர் காய்ந்த புல்லின் மணமுள்ள கூமரினை ஆய்வுக்கூடத்தில் செய்தார். 1888-ல் ஆல்பர்ட் பவுர் என்கிற ஜெர்மானியர் வெடிமருந்து ஆராய்ச்சி செய்யப் போய்க் கஸ்தூரி மணமுள்ள பொருளைக் கண்டுபிடித்தார். அந்த வம்சத்தில் வந்த மஸ்க் சைலீன் சோப்புப் பொடியிலும் சென்ட்டிலும் நுழைந்து, 1990-களில் ஐரோப்பியத் தாய்மார்களின் பாலில் தென்பட்டது. 2014-லிருந்து அங்கே தனி அனுமதி இல்லாமல் அதைத் தொட முடியாது.

வாசனை சீக்கிரம் பறந்துவிடக் கூடாது என்பதற்காகத் தாலேட் வகை எண்ணெய்ப் பொருளைச் சேர்க்கிறார்கள். துணி அலசுகிற வாசனைத் திரவங்கள் சிலவற்றில் கண்ணுக்குத் தெரியாத உருண்டைகளுக்குள் மணத்தை அடைத்து வைக்கிறார்கள். துணி உரச உரச உருண்டை உடைந்து மணம் வருகிறது. பாலியஸ்டர் நூல் எண்ணெயை விடாது பிடித்துக்கொள்ளும். என் மூன்று துவையலும் தோற்றது இதனால்தான்.

எலுமிச்சை வாசனைக்காகப் போடுகிற லிமோனீன் காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து ஃபார்மால்டிஹைடு ஆகிறது. பிணம் கெடாமலிருக்க உபயோகிக்கிற சாமான் அது. ஊதுபத்தி, 'கம்ப்யூட்டர் சாம்பிராணி' புகையிலும் அது உண்டு, பென்சீனும் உண்டு, நுரையீரல் அடிவரைக்கும் போகிற நுண்தூசியும் உண்டு. சன்னல் இல்லாத பத்துக்குப் பத்து அறையில் இதைக் கொளுத்துகிறவர்கள் யார்? நாம்தான்.

அந்துருண்டையையும் சொல்ல வேண்டும். அக்காவின் பிரசவத்துக்கு, அம்மா வேலை பார்த்த வீட்டிலிருந்து பிள்ளைத் துணி ஒரு பை கொடுத்தார்கள். பெட்டி அடியில் அந்துருண்டையோடு கிடந்த துணி. ஆஸ்பத்திரி நர்ஸ் அக்கா மோந்து பார்த்துவிட்டு, "இதச் சுத்தாதம்மா, நல்லா வெயில்ல போட்டுத் தொவச்சி அப்புறம் கொண்டா" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அப்போது எங்களுக்குக் கோபம். பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். ஜி6பிடி என்கிற நொதி குறைவாகப் பிறக்கிற பிள்ளைகளுக்கு அந்துருண்டையின் நாப்தலின் பட்டால் ரத்தச் சிவப்பணு உடைந்து, மஞ்சள் காமாலை முற்றி, உயிருக்கே ஆபத்தாகலாம். அந்தக் குறைபாடு பிள்ளை முகத்தில் எழுதி ஒட்டியிருக்காது. தானமாக வந்த துணியோடு இதுவும் வருகிறது.

இன்னொரு விசயம். மூக்கு ஒரு வாசனையில் கொஞ்ச நேரம் இருந்தால் அது தெரியாமல் போய்விடும். தெரியவில்லை என்றதும் இன்னும் கொஞ்சம் அடிக்கிறோம். வீட்டுக்காரருக்கு மணம் போதவில்லை, உள்ளே வருகிறவருக்கு மூச்சு முட்டுகிறது. அளவு மீறுவதற்குப் பாதிக் காரணம் இது. மீதிப் பாதி உடம்பில் இல்லை, வெட்கத்தில் இருக்கிறது.

3

நான் எம்.ஏ. தமிழ். எங்கள் துறையில் விமர்சனத்துக்கு மூத்தவர் நக்கீரர் என்று சொல்லிக் கொடுத்தார்கள். அவர் போட்ட சண்டையே வாசனை பற்றியதுதான் என்பதை யாரும் அழுத்திச் சொல்லவில்லை. பாண்டியனுக்குச் சந்தேகம். பெண்ணின் கூந்தலுக்கு மணம் இயற்கையா, செயற்கையா? தருமி கொண்டுவந்த பாட்டுக்குக் குற்றம் சொல்கிறார் நக்கீரர். பூவும் சாந்தும் வைத்துத்தான் மணக்கும், தானாக மணக்காது என்கிறார். பத்மினி வகைப் பெண்ணுக்கு? அப்படித்தான். தேவலோகப் பெண்ணுக்கு? அப்படித்தான். உமையம்மைக்கு? அப்படித்தான். நெற்றிக் கண் திறக்கிறது.

1965-ல் வந்த 'திருவிளையாடல்' சினிமாவால் பட்டிதொட்டி எல்லாம் அறிந்த கதை இது. இயற்கை, செயற்கை என்ற தகராறு அந்தக் குறுந்தொகைப் பாட்டுக்குள் இல்லவே இல்லை. காதலியின் கூந்தலைவிட மணமான பூ உண்டா என்று வண்டிடம் கேட்கிறான் ஒருவன், அவ்வளவே. புராணக்காரர்கள்தான் அதைச் சபைக்கு இழுத்து வந்து வழக்காக்கினார்கள். அந்தச் சபையில் கேள்வி மேலே மேலே போகிறதே தவிர, ஒரு படிகூடக் கீழே இறங்கவில்லை. நாற்று நடுகிறவள் கூந்தல்? சாணிக்கூடை சுமக்கிறவள் கூந்தல்? யாரும் கேட்கவில்லை. பெண்ணையும் கேட்கவில்லை. ஆண்கள் கூடி அவள் தலையை மோந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார்கள். முடிவில் வாதம் தோற்கும்போது கடவுள் என்ன செய்கிறார்? சங்கு அறுக்கிற கீரன்தானே நீ, என் பாட்டை ஆராய உனக்கு என்ன தகுதி என்று தொழிலை, குலத்தை இழுக்கிறார். தனிப்பாடலில் வருகிறது, சினிமாவிலும் வருகிறது, கொட்டகையில் கைதட்டலும் வருகிறது. வாசனையில் ஆரம்பித்த விவாதம் சாதியில் வந்து முடிகிறது. நம் நாட்டில் வாசனை விவாதம் வேறெங்கே போய் முடியும்?

இதற்கு எதிர்ச்சாட்சியும் சங்கப் பாட்டிலேயே இருக்கிறது. நற்றிணை 45. தேரில் வந்து நிற்கிற பணக்கார வீட்டுப் பிள்ளையிடம் நெய்தல் நிலத் தோழி பேசுகிறாள். இவள் மீன்பிடிக்கிறவர் மகள், நீயோ கடைவீதிகள் நிறைந்த ஊர்ச் செல்வன் மகன், மீன் காயப்போட்டுக் காக்கை ஓட்டுகிற எங்களுக்கு நலம் எதற்கு, எங்கள்மேல் புலால் வீசுகிறது, தள்ளி நில், உன்னைப் போன்ற தலைமக்கள் எங்களிலும் உண்டு என்கிறாள். தன் வாடையைச் சொல்லி வெட்கப்படவில்லை. அதையே வேலியாகப் போட்டு அவனைத் தள்ளி நிறுத்துகிறாள். இந்தப் பாட்டை எனக்கு நடத்திய பேராசிரியர் 'தாழ்வு மனப்பான்மை' என்று விளக்கம் சொன்னார். நான் அன்றைக்கு எழுந்து மறுக்கவில்லை. இன்றைக்கு மறுக்கிறேன்.

'நாற்றம்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். குறளில் அது மொட்டுக்குள் இருக்கிற மணம். ஆண்டாள் சங்கிடம் கேட்கிறபோதும் 'நாறுதல்' மணப்பதுதான். மொழியியல் தாளில் இதை இழிபொருட்பேறு என்று எழுதி மதிப்பெண் வாங்கினேன். உயர்ந்த பொருளில் இருந்த சொல் இழிந்த பொருளுக்கு வந்துவிட்டதாம். சொல் தானாக இழியுமா? 'மணம்', 'வாசனை' எல்லாம் ஊருக்குள் குடியேற, 'நாத்தம்' சேரிக்குத் தள்ளப்பட்டது. எங்கள் தெருவைத் தாண்டும்போது பஸ்ஸில் அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்தவள் நான்.

4

அம்மா இருபது வருசம் டவுனில் ஒரு வீட்டில் பாத்திரம் தேய்த்தார். அவர் சொல்வார்: "நான் உள்ள போனா பத்தி கொளுத்துவாங்க. வெளிய வந்தா ஃபேனப் போடுவாங்க. சாமிக்குன்னு சொல்லுவாங்க. எந்தச் சாமிடி நான் வர நேரம் பாத்துப் பசியாவது?" அந்த வீட்டுப் பாத்திரத்தை, தரையை, கக்கூசை மணக்க வைத்துவிட்டு வருகிற கை அது. வீடு மணப்பதற்காக அம்மா பினாயிலில் நனைந்தார். அவர்கள் வீட்டு அழுக்கு அவர் உடம்பு வாடையானது. பிறகு அந்த வாடைக்குப் பத்தி கொளுத்தினார்கள்.

நான் படித்த ஆதிதிராவிடர் நல விடுதியிலும் இதே கதை. அதிகாரி வருகிறார் என்றால் வாசல் முழுக்க பினாயில் ஊற்றி, நடையில் ஸ்பிரே அடிப்பார்கள். பின்பக்கத் தொட்டி நிரம்பி வழிந்துகொண்டே இருக்கும். ஆய்வுக் குறிப்பில் 'சுகாதாரமாக உள்ளது' என்று எழுதிவிட்டுப் போவார்கள். வாசனைதான் கையெழுத்து வாங்கியது.

இதெல்லாம் அடுத்தவர் குற்றம். என் குற்றத்தையும் சொல்ல வேண்டும். டவுனில் நான் வாடகைக்கு வீடு பிடித்தபோது "கறி மீன் வாடை ஆகாது" என்றார் வீட்டுக்காரர். அவர் என்ன சாதி கேட்கிறார் என்று எனக்குத் தெரியாதா? தலையாட்டினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை தோழர்கள் நாலைந்து பேர் வருவதாக இருந்தது. எல்லாரும் முற்போக்காளர்கள், மாட்டுக்கறி அரசியல் பேசுகிறவர்கள். அம்மா ஊரிலிருந்து கருவாடு கொண்டுவந்து குழம்பு வைத்திருந்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? ரூம் ஸ்பிரேயை எடுத்து சமையலறை, படுக்கை, அம்மாவின் துணிப்பை வரைக்கும் அடித்தேன். அம்மா குளித்துவிட்டு வந்து வாசலிலேயே நின்றார்.

"யாருடி செத்துட்டாங்க? எழவு ஊடு மாதிரி மணக்குது" என்றார்.

அவர் கிண்டலாகத்தான் சொன்னார். பிணத்துக்குத்தானே நாம் சென்ட் அடிப்போம்! பிறகு பேசாமல் போய்க் கருவாட்டுச் சட்டியை மூடி, பின்கட்டில் கொண்டுபோய் வைத்தார். எனக்கு இன்றும் நெஞ்சு அடைக்கிற இடம் அதுதான். அந்த வீட்டார் இருபது வருசம் செய்ததை நான் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் செய்து முடித்துவிட்டேன்.

5

1990-களில் நம் பத்திரிகைகளில் ஒரு வாதம் நடந்தது. அழுக்கு, பீ, மாட்டுக்கறி, கெட்ட வார்த்தை என்று எதையெல்லாம் இழிவு என்றார்களோ அதையெல்லாம் எழுத்தில் கொண்டுவந்து கொட்டுவோம், அதுவே கலகம் என்றார்கள். அந்தக் கலகம் தேவையாக இருந்தது. அதனால்தான் என்னைப் போன்றவர்கள் எழுத வந்தோம். ஆனால் சேரியில் சாக்கடை ஓடுவதைப் பண்பாடு என்று யாரும் எனக்கு விளக்க வேண்டாம். 1942-ல் நாக்பூரில் ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண்கள் மாநாட்டில் அம்பேத்கர் சுத்தமாக இருங்கள் என்று சொன்னார். அவர் தண்ணீருக்காகப் போராடியவர். தண்ணீர் கேட்டவருக்குத்தான் சுத்தம் பற்றிப் பேச உரிமை உண்டு. தண்ணீரைத் தராமல் சென்ட்டைத் தருகிறவர்களுக்கு இல்லை.

சுத்தம் வேறு, வாசனை வேறு. அழுக்கு போனால் சுத்தம். அழுக்கின்மேல் வாசனை ஏறி உட்கார்ந்தால் அதற்கு மறைப்பு என்று பெயர். எங்கள் துணியை வெளுத்த புதிரை வண்ணாரப் பாட்டி உவர்மண்ணில் ஊறவைத்து, வெள்ளாவி வைத்து, ஆற்றில் அலசி, மணலில் காயப்போட்டுக் கொடுப்பாள். அந்தத் துணிக்கு வெயில் வாடைதான் இருக்கும். தீண்டப்படாதவர்களுக்கும் தீண்டப்படாதவளாக அவளை வைத்திருந்தோம் நாம். இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994-ல் வந்தபோது நமக்குள் எவ்வளவு சண்டை! யார் வாடை யாருக்கு ஆகாது என்ற பட்டியலில் நம் பெயரும் இரண்டு பக்கமும் இருக்கிறது என்பதால்தான் அந்தச் சண்டை.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். சமையல் கேஸுக்கு இயல்பாக வாடை கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காக எத்தில் மெர்காப்டன் என்கிற நாற்றமெடுத்த பொருளை வேண்டுமென்றே கலக்கிறார்கள். செயற்கை நாற்றம் உயிரைக் காப்பாற்றுகிறது. சாக்கடைக் குழியிலோ ஹைட்ரஜன் சல்ஃபைடு. கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை வாடை. அளவு கூடினால் மூக்கின் உணர்வையே முதலில் செயலிழக்கச் செய்துவிடும். வாடை போய்விட்டது என்று நினைக்கிற நேரம்தான் சாகிற நேரம். 2013-ல் சட்டம் வந்தது. சாக்கடையில் செத்தால் 30 லட்சம் கொடு என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் நம் ஆட்களை இறக்குகிறார்கள். திவ்யபாரதியின் 'கக்கூஸ்' ஆவணப்படத்தை (2017) நான் பார்த்த திரையிடலில் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களைக் கண்டேன். திரையிலிருந்து வாடை வராது. அவர்கள் பொத்தியது எதை?

நாற்றம் ஒரு செய்தி. இங்கே காற்றோட்டம் இல்லை, தண்ணீர் இல்லை, தொட்டி நிரம்பிவிட்டது, சுவர் பூஞ்சை பிடித்துவிட்டது, யாரோ ஒருத்தர் உழைத்துக்கொண்டிருக்கிறார் என்று சொல்கிற செய்தி. ஸ்பிரே அந்தச் செய்தியின் வாயைப் பொத்துகிறது.

ஆகவே சில காரியங்களை நாமே தொடங்கலாம் என்று தோன்றுகிறது. நம் கூட்ட அரங்குகளில், நூலகங்களில், விடுதிகளில் ஸ்பிரேயும் பத்தியும் வேண்டாம். சன்னலைத் திற என்று கேட்போம். சன்னல் இல்லை என்றால் சன்னலுக்குப் போராடுவோம். பிள்ளைத் துணியோடு அந்துருண்டை போடாதீர்கள். சென்ட் ஏறிய பழந்துணியை ஆப்ப சோடா கரைத்த தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவைத்து, வெயிலிலும் காற்றிலும் நாள் கணக்காகப் போடுங்கள். கம்பெனிக்காரனை உள்ளே என்ன இருக்கிறது என்று பெயர் பெயராக எழுதச் சொல்லுங்கள். கருவாட்டுச் சட்டியை மூடாதீர்கள்.

அடுத்த வாரம் சந்தைக்குப் போய் அந்தக் கடைக்காரரிடம் சென்ட் அடிக்காத மூட்டையிலிருந்து ஒன்று வேண்டும் என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். "வாடை வருமேம்மா" என்றார். "பரவால்லண்ணே, மனுசன் வாடைதானே" என்றேன். மூட்டையை அவிழ்த்து, பாட்டிலைத் தொடாமல் தள்ளி வைத்தார். எடுத்த ஸ்வெட்டரில் யாரோ முகம் தெரியாத ஒருத்தியின் வேர்வையும் லேசாகப் புகையிலையும் இருந்தன. ஒரே துவையல்தான். வேப்பமரத்துக் கொடியில் இரண்டு நாள் கிடந்தது, போய்விட்டது. பிள்ளை போட்டுக்கொண்டு திரிகிறாள். பழைய ஸ்வெட்டர் இன்னும் கொடியில்தான் தொங்குகிறது.